கார்மெனேர் திராட்சை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிலி நாட்டுச் சிவப்பு ஒயின் பற்றிப் பேச்சு எழுந்தாலே கார்மெனேர் என்ற பெயர் வந்துவிடும். கூடவே அதே ஐயங்களும் வந்துவிடும். பல ஆண்டுகளாக என்னிடம் கேட்கப்பட்டவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே கீழே தந்திருக்கிறேன். வரிசையாகப் படிப்பது நல்லது. பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னவற்றைப் பிடித்துக்கொண்டே நகர்கின்றன. ஒன்றை இப்போதே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: இந்தக் கொடி மிகத் தாமதமாகப் பழுக்கும். இதன் கதையில் நடந்த நல்லதும் கெட்டதும் பெரும்பாலும் இந்த ஒரு குணத்திலிருந்து கிளைத்தவைதான்.

கார்மெனேர் என்பது ஒயினின் பெயரா, திராட்சையின் பெயரா?

திராட்சையின் பெயர். கருநீலத் தோல் கொண்ட ஒரு ஒயின் திராட்சை இனம். அந்தத் திராட்சையிலிருந்து செய்த ஒயினையும் அதே பெயரால் அழைக்கிறார்கள் என்பதால்தான் குழப்பம். சிலியில் இது ஏறக்குறைய 10,000 ஹெக்டேரில் வளர்கிறது.

இப்படி ஒரு பெயர் ஏன் வந்தது?

பிரெஞ்சு மொழியில் 'கார்மின்' என்றால் செங்கருஞ்சிவப்பு. இலையுதிர் காலத்தில் இந்தக் கொடியின் இலைகள் அந்த நிறத்துக்கு மாறும். பழத்தின் நிறத்தால் பெயர் வந்தது என்று பலர் நினைக்கிறார்கள்; பெயருக்குக் காரணமாகச் சொல்லப்படுவது இலை. பழைய நூல்களில் 'கிராந்த் விதுர்' என்ற மற்றொரு பெயரும் உண்டு. அந்தப் பெயர் பின்னால் ஒரு முக்கியமான இடத்தில் திரும்பி வரப்போகிறது.

சிலி நாட்டுத் திராட்சை என்றுதானே எல்லோரும் சொல்கிறார்கள்? பிரான்ஸ் எங்கிருந்து வந்தது?

பிறந்த இடம் பிரான்ஸ்தான். அதன் தென்மேற்கே, போர்தோ நகரை ஒட்டிய மெதோக் பகுதியில் இது 18, 19ஆம் நூற்றாண்டுகளில் மதிப்போடு வளர்க்கப்பட்டது. போர்தோ சிவப்பு ஒயினுக்கு வழிவழியாக அனுமதிக்கப்பட்ட ஆறு திராட்சைகளில் இதுவும் ஒன்று. மற்றவை கேபர்னே சோவிஞான், கேபர்னே பிரான், மெர்லோ, மால்பெக், பெத்தி வெர்தோ.

சிலிக்கு இது போன காலம் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி. அப்போது சிலியின் செல்வந்தர்களுக்குப் பிரெஞ்சு வாழ்க்கை முறை மீது பெரும் மோகம் இருந்தது. 1851இல் சில்வெஸ்த்ரே ஒச்சாகவியா என்பவர் போர்தோவின் கொடிகளைத் தருவித்து மைப்போ பள்ளத்தாக்கில் நட்டார். அவரைப் பார்த்து மற்ற நில உடைமையாளர்களும் அதே வழியில் சென்றார்கள். அப்படிக் கப்பலேறிய குச்சிகளுக்கு நடுவே கார்மெனேரும் இருந்தது.

சொந்த மண்ணில் இவ்வளவு மதிப்போடு இருந்தது ஏன் காணாமல் போனது?

எல்லோரும் ஒரே வரியில் 'பூச்சி அழித்தது' என்று முடித்துவிடுகிறார்கள். அது பாதிக் கதை.

1860களில் பிரான்சில் ஃபில்லாக்சரா என்ற நுண்ணிய பூச்சி பரவத் தொடங்கியது. அசுவினியின் உறவுக்காரப் பூச்சி; வட அமெரிக்காவிலிருந்து கொடிகளோடு வந்தது; வேரைத் தாக்கிக் கொடியைச் சாகடிக்கும். அது கார்மெனேரை மட்டும் தாக்கவில்லை. போர்தோவின் எல்லாத் திராட்சைகளும் அதற்கு இரையாயின. பின்னர் பூச்சியைத் தாங்கும் அமெரிக்கக் கொடிகளின் வேர்ப்பகுதியில் பிரெஞ்சு இனங்களை ஒட்டுக் கட்டி நடலாம் என்று தெரிந்தது. மெர்லோவும் கேபர்னே சோவிஞானும் அப்படித்தான் மீண்டன.

கார்மெனேரை மட்டும் யாரும் மீண்டும் நட விரும்பவில்லை. அதற்குக் காரணம் அதன் பழைய இரண்டு குறைகள். ஒன்று, போர்தோவின் குளிர்ந்த, ஈரமான வசந்தத்தில் இதன் பூக்கள் பிஞ்சாகாமல் உதிர்ந்துவிடும். ஒட்டுக் கட்டிய கொடியில் அந்த உதிர்வு இன்னும் கூடியது. இரண்டு, எஞ்சியதும் பழுப்பதற்குள் இலையுதிர் கால மழை வந்துவிடும். பயிரையெல்லாம் இழந்து, கையில் இருந்ததைக் கொண்டு மறுபடி தொடங்கிய ஒரு விவசாயி, விளைச்சலை நம்ப முடியாத கொடிக்கு ஏன் நிலம் ஒதுக்குவார்? பூச்சி தோட்டத்தை வெறுமையாக்கியது. அதில் மீண்டும் எதை நடுவது என்பது மனிதர்களின் முடிவு.

அந்தப் பூச்சி சிலிக்கு மட்டும் ஏன் போகவில்லை?

சிலியின் நிலப்படத்தைப் பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும். கிழக்கே ஆண்டிஸ் மலை, மேற்கே பசிபிக் பெருங்கடல், வடக்கே அடகாமா பாலைவனம், தெற்கே பனிநிலம். பூச்சி வருவதற்கு முன்பே கொடிகள் அங்கே போய்விட்டன என்பது நல்ல காலம். பின்னாளில் வெளியிலிருந்து வரும் தாவரங்களுக்குக் கடுமையான சோதனை விதித்ததும் உதவியது. ஆகவே சிலியில் பல தோட்டங்களில் கொடிகள் இன்றும் ஒட்டு இல்லாமல் தம் சொந்த வேரிலேயே நிற்கின்றன.

சிலி மண்ணில் எந்தத் தொல்லையும் இல்லை என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. வேரைத் தாக்கும் நூற்புழுக்கள் அங்கே உண்டு. அவற்றைச் சமாளிக்கவே புதிய தோட்டங்கள் சிலவற்றில் ஒட்டுக் கட்டிய கன்றுகளை நடுகிறார்கள்.

நூறு ஆண்டுகளுக்கு மேல் ஒரு திராட்சையின் பெயர்கூடத் தெரியாமல் வளர்க்க முடியுமா? நம்ப முடியவில்லையே!

கேட்பவர்கள் எல்லோரும் வியப்போடுதான் கேட்கிறார்கள். நடந்தது மிக இயல்பான ஒன்று. கார்மெனேரும் மெர்லோவும் பார்வைக்கு நெருங்கியவை. ஒரே தோட்டத்தில், ஒரே வரிசையில் கலந்து நடப்பட்டன. அந்தத் தோட்டத்தில் வெட்டிய குச்சிகளிலிருந்து அடுத்த தோட்டம் உருவானது. இரண்டு மூன்று தலைமுறை கடந்தபின் எல்லாவற்றுக்கும் 'மெர்லோ' என்ற ஒற்றைப் பெயர் ஒட்டிக்கொண்டது.

ஆனால் தோட்டத்தில் உழைத்தவர்கள் வேறுபாட்டைக் கவனிக்காமல் இல்லை. சில கொடிகள் நேரம் கடந்து பழுக்கின்றன, இலைகள் சிவக்கின்றன, சுவை வேறாக இருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரிந்தே இருந்தது. 'சிலி மெர்லோ' என்றும், பெயுமோ என்ற ஊரின் பெயரால் 'மெர்லோ பெயுமால்' என்றும் தனித்துக் குறிப்பிட்டார்கள். மெர்லோவிலேயே ஒரு உள்ளூர் வகை என்று நினைத்தார்கள். கண் சரியாகப் பார்த்தது. பெயர்தான் தவறாக இருந்தது. இந்த மனிதர்களுக்கு உரிய மதிப்பு இந்தக் கதையைச் சொல்பவர்களிடமிருந்து கிடைப்பதில்லை என்பது எனக்கு வருத்தம்.

1994இல் கண்டுபிடித்தார்கள் என்கிறார்களே, யார், எப்படி?

ழான்-மிஷேல் பூர்சிகோ என்ற பிரெஞ்சு அறிஞர். இலை, பூ, தளிர், குலை ஆகியவற்றைப் பார்த்தே திராட்சை இனங்களை அடையாளம் காணும் துறையில் தேர்ந்தவர். அவருடைய ஆசிரியரான குளோத் வலா 1991இல் சிலிக்கு வந்தபோதே, மெர்லோ என்று காட்டப்பட்ட கொடிகள் மெர்லோ அல்ல என்ற ஐயத்தை எழுப்பியிருந்தார்.

1994 நவம்பர் 24 அன்று, திராட்சை வளர்ப்பு மாநாட்டுக்காகச் சிலி வந்திருந்த பூர்சிகோ, மைப்போ பள்ளத்தாக்கின் வின்யா கார்மென் தோட்டத்தைச் சுற்றிப் பார்க்கச் சென்றார். நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே நவம்பர் வசந்த காலம், கொடிகள் பூத்திருந்தன. மெர்லோ வரிசையில் நின்ற ஒரு கொடியின் பூவைப் பார்த்தார். அதன் மகரந்தத் தண்டுகள் முறுக்கிக்கொண்டிருந்தன. மெர்லோவுக்கு அவை நேராக இருக்கும். இது கார்மெனேர் என்று அங்கேயே சொன்னார். அவர் வேறொரு மாதத்தில் வந்திருந்தால் அந்தப் பூவைப் பார்த்திருக்க முடியாது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும்.

பின்னர் மரபணுச் சோதனையும் அதையே உறுதிசெய்தது. சிலி அரசு தனி இனமாக ஏற்கும் வரை அந்தப் பெயரைப் புட்டியில் அச்சிட முடியவில்லை. அதனால் வின்யா கார்மென் நிறுவனம் தன் முதல் ஒயினைக் 'கிராந்த் விதுர்' என்ற பழைய பெயரில் வெளியிட்டது. இன்று நவம்பர் 24 கார்மெனேர் நாளாகக் கொண்டாடப்படுகிறது.

பூ இல்லாத காலத்தில் மெர்லோவையும் இதையும் எப்படிப் பிரித்தறிவது?

வசந்தத்தில் இளந்தளிரைத் திருப்பிப் பாருங்கள். மெர்லோவின் தளிர் அடியில் வெண்மையாக இருக்கும். கார்மெனேருடையது செம்மை படர்ந்திருக்கும். முற்றிய இலையில், மெர்லோவின் நடு மடல் நீண்டிருக்கும். இலையுதிர் காலத்தில் கார்மெனேர் சிவக்கும் என்பதைப் பெயர்க் காரணத்திலேயே சொல்லிவிட்டேன்.

எல்லாவற்றையும்விட நம்பகமான அடையாளம் காலம். மெர்லோ பழுத்து மூன்று முதல் ஐந்து வாரங்கள் கடந்த பின்புதான் கார்மெனேர் பழுக்கும். சிலியில் மெர்லோ அறுவடை பெரும்பாலும் மார்ச்சில் நடக்கும். கார்மெனேர் ஏப்ரல் கடைசி வரை, சில இடங்களில் மே வரை கொடியில் இருக்கும்.

அப்படியென்றால் அதுவரை சிலி விற்ற மெர்லோவெல்லாம் போலியா?

போலி என்ற சொல்லை நான் ஏற்கமாட்டேன். ஏமாற்றும் எண்ணம் இருந்தால்தான் அது போலி. விற்றவர்களும் அது மெர்லோ என்றே நம்பினார்கள்.

உண்மையான இழப்பு வேறிடத்தில் இருந்தது. இரண்டு இனங்களும் கலந்து நிற்கும் தோட்டத்தை ஒரே நாளில் அறுத்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். மெர்லோ பழுத்த நாளில் அறுத்தால் கார்மெனேர் பச்சையாக இருக்கும். நடுவில் ஒரு நாளைத் தேர்ந்தால் ஒன்று கனிந்து குழைந்திருக்கும், மற்றது கனிந்திருக்காது. இரண்டும் ஒரே தொட்டியில் விழும். சிலி மெர்லோவின் 'பச்சை வாடை' உலகச் சந்தையில் ஒரு குறையாகப் பேசப்பட்டதற்கு இது ஒரு பெரிய காரணம். சரியான பெயர் கிடைத்தபின் செய்த முதல் வேலை விளம்பரம் அல்ல. தோட்டங்களில் ஒவ்வொரு கொடியாகக் குறியிட்டுப் பிரித்தார்கள், தனித்தனியே அறுத்தார்கள். அதன்பின் இரண்டு ஒயின்களுமே மேம்பட்டன.

நான் பார்த்த கார்மெனேரில் குடைமிளகாய் வாசனை வந்தது. கெட்டுப்போனதா?

கெட்டுப்போகவில்லை. பச்சைக் குடைமிளகாயின் வாசனைக்குக் காரணமான பைரசின் வகைச் சேர்மமே இந்தத் திராட்சையிலும் இருக்கிறது. ஆகவே 'குடைமிளகாய் போல' என்பது வெறும் உவமை இல்லை, மூலக்கூறே ஒன்று. தண்ணீரில் என்றால் லிட்டருக்கு இரண்டு நானோகிராம் அளவிலேயே மனித மூக்கு அதை உணர்ந்துவிடும். கேபர்னே சோவிஞான், கேபர்னே பிரான் ஆகியவற்றிலும் அது உண்டு. கார்மெனேரில் இயல்பாகவே அதிகம்.

காய் பச்சையாக இருக்கும்போது சேரும் இந்தச் சேர்மம், பழம் நிறம் மாறத் தொடங்கும் காலத்திலிருந்து குறையும். முன்கூட்டியே பறித்தால் வாசனை தூக்கலாக நிற்கும். நன்கு கனிந்த கார்மெனேரில் அது மங்கி, கறுத்த பழங்கள், மிளகு, கோகோ, புகை ஆகியவற்றின் வாசனை மேலெழும். சிறிதளவு பச்சை வாசனை இந்த இனத்தின் குணம் என்பதே என் கருத்து. அதை முற்றிலும் துடைத்தெறிந்த ஒயின் வேறு எந்தத் திராட்சையில் செய்ததாகவும் இருக்கலாம்.

தாமதமாகப் பறித்தால் போதும், எல்லாம் சரியாகிவிடும்தானே?

அப்படிச் செய்து பார்த்து அடிபட்டவர்கள் உண்டு. காத்திருக்கும் ஒவ்வொரு வாரமும் பழத்தில் சர்க்கரை ஏறும், புளிப்பு இறங்கும். கார்மெனேருக்கு ஏற்கெனவே புளிப்பு குறைவு. பச்சை வாசனை போகட்டும் என்று அளவுக்கு மீறிக் காத்திருந்தால், மது அளவு உயர்ந்து, உயிர்ப்பில்லாத தடித்த ஒயின் கிடைக்கும்.

ஆகவே இன்று கவனம் முன்கூட்டியே தொடங்குகிறது. குலையைச் சுற்றியுள்ள இலைகளைப் பருவத்தின் தொடக்கத்திலேயே நீக்கி வெயில் படச் செய்கிறார்கள். அந்தச் சேர்மம் சேர்வதே அப்போது குறைகிறது. தண்ணீரையும் அளந்து விடுகிறார்கள். நீர் மிகுந்தால் கொடி இலையும் தண்டுமாகக் கொழுத்து, குலைகள் நிழலில் மறைந்து, பச்சை வாடை மிகும். மெர்லோ என்று நினைத்து மெர்லோவுக்கான கணக்கில் நீர் விட்டு, மெர்லோவுக்கான நாளில் அறுத்த காலத்தில் இது எதுவும் சாத்தியமாக இருக்கவில்லை. பெயர் தெரிந்தது நாட்காட்டியையே மாற்றியது.

சிலியில் எந்தப் பகுதி இதற்குப் பெயர் பெற்றது?

நாட்டின் நடுப்பகுதியில் மைப்போ, கச்சாபொவால், கொல்ச்சாகுவா, மவுலே என்ற பள்ளத்தாக்குகளில் இது பரவலாக இருக்கிறது. நான் முதலில் சொல்வது கச்சாபொவால் ஆற்றங்கரையில் உள்ள பெயுமோ. முன்னர் சொன்ன 'மெர்லோ பெயுமால்' என்ற பெயர் இந்த ஊரிலிருந்துதான் வந்தது. அங்கே களிமண் கலந்த ஆழமான நிலம். மழையில்லாத நீண்ட கோடையில் அது ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். அதனால் ஏப்ரல், மே வரை இலை வாடாமல் கொடி உழைக்கிறது. நீண்ட, இதமான இலையுதிர் காலமும் துணை நிற்கிறது. தாமதமாகப் பழுக்கும் கொடிக்கு இதைவிட என்ன வேண்டும்? கொன்ச்சா இ தோரோ நிறுவனத்தின் கார்மின் தே பெயுமோ இந்த மண்ணில் விளைந்தது.

அடுத்தது கொல்ச்சாகுவாவில் உள்ள அபால்தா. குதிரை லாடம் போல மலைகள் சூழ்ந்த நிலம். குளோ அபால்தா என்ற கலவை ஒயினில் கார்மெனேருக்குப் பெரும் பங்கு உண்டு. அதன் 2005ஆம் ஆண்டு ஒயினை அமெரிக்காவின் ஒயின் ஸ்பெக்டேட்டர் இதழ் 2008இல் அந்த ஆண்டின் முதல் ஒயினாகத் தேர்ந்தெடுத்தது. மான்டெஸ் நிறுவனத்தின் பர்பிள் ஏஞ்சல், கார்மெனேருடன் சிறிது பெத்தி வெர்தோ சேர்த்துச் செய்வது.

சிலிக்கு வெளியே எங்கேயும் கிடையாதா?

உண்டு, அங்கும் வேறு பெயர்களில் ஒளிந்திருந்தது. சீனாவில் 'கேபர்னே கெர்நிஷ்ட்' என்று ஒரு திராட்சை நீண்ட காலமாக வளர்கிறது. மரபணுச் சோதனையில் அது கார்மெனேர் என்று தெரியவந்தது. 1892இல் ஷான்டாங் மாகாணத்தின் யான்டாய் நகரில் சாங்யு ஒயின் நிறுவனம் தொடங்கப்பட்ட காலத்தை ஒட்டி ஐரோப்பாவிலிருந்து வந்த கொடிகளோடு இதுவும் வந்திருக்க வேண்டும். 'கெர்நிஷ்ட்' என்பது 'கலந்தது' என்ற பொருள் தரும் ஜெர்மன் சொல்லின் திரிபாக இருக்கலாம் என்று சொல்லப்படுகிறது. சீன மொழியில் அதற்குப் 'பாம்பு டிராகன் முத்து' என்று அழகான பெயர். நிங்சியா பகுதியிலும் இது உண்டு. அங்கே குளிர்காலம் மிகக் கடுமை என்பதால் ஆண்டுதோறும் கொடிகளை மண்ணுக்குள் புதைத்து, வசந்தத்தில் வெளியே எடுக்கிறார்கள்.

இத்தாலியின் வடகிழக்கில் கேபர்னே பிரான் என்று நம்பி வளர்க்கப்பட்ட கொடிகளில் பல, கார்மெனேராக இருந்தன. ஒரே கொடி மூன்று நாடுகளில் மூன்று தவறான பெயர்களோடு வாழ்ந்திருக்கிறது.

கேபர்னே சோவிஞானுக்கும் இதற்கும் என்ன உறவு? மெர்லோவோடு இவ்வளவு ஒற்றுமை ஏன்?

ஒரே குடும்பம். கேபர்னே பிரான்தான் பொதுப் பெற்றோர். கேபர்னே பிரானும் சோவிஞான் பிளாங் என்ற வெள்ளைத் திராட்சையும் இணைந்து பிறந்தது கேபர்னே சோவிஞான். கேபர்னே பிரானும் மக்தலேன் நுவார் தே சராந்த் என்ற மறைந்துபோகவிருந்த ஒரு பழைய இனமும் இணைந்தது மெர்லோ. கேபர்னே பிரானும் குரோ கேபர்னே என்ற மற்றொரு பழைய இனமும் இணைந்தது கார்மெனேர். ஆக, மூன்றும் ஒருபாதி உடன்பிறப்புகள். மெர்லோவின் சாயல் தற்செயல் அல்ல.

புட்டியில் கார்மெனேர் என்று அச்சிட்டிருந்தால் முழுக்க அதுதானா?

கட்டாயம் இல்லை. சிலியின் சட்டப்படி 75 விழுக்காடு இருந்தால் திராட்சையின் பெயரை இடலாம். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு அனுப்புவதில் 85 விழுக்காடு வேண்டும். மீதிக்கு வேறு திராட்சை கலந்தால் அதைக் குறையாக எண்ண வேண்டாம். புளிப்பும் துவர்ப்பும் குறைந்த கார்மெனேருக்கு, அவை மிகுந்த கேபர்னே சோவிஞானோ பெத்தி வெர்தோவோ சிறிது சேர்ந்தால் முதுகெலும்பு கிடைக்கும். போர்தோவில் முன்பு இது இருந்ததும் கலவையில்தான்.

பருவநிலை வெப்பமாகிக்கொண்டே வருகிறதே, இனிப் போர்தோவுக்குத் திரும்பிவிடுமா?

அனுமதிக்கப்பட்ட திராட்சைகளின் பட்டியலிலிருந்து கார்மெனேர் வெளியேறவே இல்லை என்பதால், திரும்புவதற்குச் சட்டத் தடை கிடையாது. மிகச் சில ஹெக்டேரில் இப்போதும் வளர்கிறது. கோடைகள் வெப்பமாகி அறுவடை நாட்கள் முன்னே நகர்ந்திருப்பதால், முன்பு சொன்ன இரண்டு குறைகளில் ஒன்று, அதாவது பழுக்காமல் போவது, பெருமளவு தளர்ந்திருக்கிறது.

மற்றொன்று அப்படியே இருக்கிறது. பூ உதிர்வது பூக்கும் நாட்களின் மழையையும் குளிரையும் பொறுத்தது. அந்த நாட்களைக் கோடை வெயில் காப்பாற்றாது. போர்தோவில் ஃபில்லாக்சரா இன்றும் மண்ணில் இருப்பதால் சிலியைப் போலச் சொந்த வேரில் நடுவது பெரும் துணிச்சல். அதனால் அங்கே இதை நடுகிறவர்கள், ஒரு மோசமான வசந்தம் வந்தாலும் தாங்கிக்கொள்ளும் அளவுக்கு, கலவைக்கென்று சில வரிசைகள் மட்டும் நடுகிறார்கள்.